பாட்டும் பிறமொழிப் பயிற்சியும்

பிறமொழி ஒன்றைக் கற்கப் புகும் மாணவிக்கு முதலில் எதிர்ப்படும் இடர் எது? இலக்கணம் என்பார் சிலர். சொல்வளம் போதாமை என்பார் வேறு சிலர். அன்னூரிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் இருந்து வரும் பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நாங்கள் கண்ட விடை வேறு. முதல் இடர் கூச்சம். ஆறாம் வகுப்பில் சேரும்போதே அவர்களுக்கு ஆங்கில எழுத்துகள் தெரியும். நூறு இருநூறு சொற்களும் தெரியும். எழுதச் சொன்னால் பிழையின்றி எழுதுவோரும் உளர். எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல் என்றால் மட்டும் தலை குனிந்துவிடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கோவைக் கல்லூரிகளுக்கும் செவிலியர் பயிற்சிக்கும் போகும்போது அந்தக் குனிந்த தலை அவர்கள் பெற்ற மதிப்பெண்களையெல்லாம் மறைத்துவிடுகிறது. நன்றாகப் படித்த பெண் நேர்காணலில் வாய் திறவாமல் நின்றுவிட்டுத் திரும்பினாள் என்ற செய்தி எங்கள் காதுக்கு வராத ஆண்டு இல்லை.

இந்தக் கூச்சத்துக்கு நம் கொங்குத் தமிழின் நற்பண்பும் ஒரு காரணம் என்றால் வியப்பாக இருக்கலாம். பெரியவர்களிடம் 'ங்க' சேர்க்காமல் ஒரு சொல்லும் பேசியறியாத குழந்தை, 'எஸ்' என்று மொட்டையாக விடை சொல்ல அஞ்சுகிறாள். 'எஸ்ஸுங்க சிஸ்டர்', 'நோங்க மிஸ்' என்று ஆங்கிலத்துக்கும் மரியாதை கட்டி அனுப்புகிறாள். நாங்கள் இதைக் கேட்டு நகைப்பதில்லை. வளர்ப்பு நன்றாக அமைந்த பிள்ளையின் இடர்ப்பாடு அது. பாட்டில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. பாட்டின் சொற்கள் பாட்டுக்கு உரியவை. பாடுகிறவள் அவற்றை இரவல் வாங்குகிறாள், அவ்வளவே. நாற்பது குரல்களுக்கு நடுவே தன் குரல் தடுக்கினாலும் அது அவளுக்கும் பக்கத்தில் இருக்கும் தோழிக்கும் மட்டுமே தெரியும்.

ஆகவே வகுப்பில் நாங்கள் பாடுகிறோம். ஆனால் பாட்டு எதைத் தரும், எதைத் தராது என்பதை அறிந்து பாட வேண்டும் என்பது எங்கள் கருத்து. அறியாமல் பாடினால் ஆண்டு முடிவில் பாட்டு மட்டுமே கைவசம் இருக்கும்; மொழி வந்திராது.

பாட்டு வழியே கற்பித்தல் மேல்நாட்டார் புதிதாகக் கண்ட முறை என்று எண்ணுவோர் உண்டு. அச்சு நூல்கள் பரவுமுன் நம் திண்ணைப் பள்ளிகளில் பெரும்பாலான பாடங்கள் ஓசையோடுதான் கற்பிக்கப்பட்டன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் நாவில் ஏறின. பொருள் பிற்பாடு விளங்கிற்று. எண்சுவடியைச் சிறுவர்கள் இராகமிட்டு ஒப்பித்தார்கள். அவ்வளவு ஏன், அகராதியே பாட்டாகத்தான் இருந்தது. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு விருத்தப்பாக்களால் ஆனது. ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களையும் ஒரே பாட்டில் கோத்துத் தருவது. அதை மனப்பாடம் செய்தவர் தலைக்குள்ளேயே ஓர் அகராதியைச் சுமந்து சென்றார்.

இந்த நிகண்டுகளைப் பிறமொழியாளர் ஒருவர் எப்படிக் கையாண்டார் என்பது நம் பொருளுக்கு மிகவும் ஏற்றது. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்தவர். வளர்ந்தபின் தமிழ் கற்றவர். கற்றதோடு நில்லாமல், புனித சூசையப்பரைத் தலைவராக வைத்து 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். பாட்டின் அருமை அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல இயலாது. அத்தகையவர் 1732இல் சதுரகராதியைத் தொகுத்தபோது, பாட்டுக்குள் இருந்த சொற்களை வெளியே எடுத்து அகர வரிசையில் அடுக்கினார். ஏன்? பாட்டாக மட்டும் தெரிந்த சொல்லை வேண்டும்போது தனியே எடுக்க வராது. பாட்டைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டே வந்தால்தான் அந்தச் சொல் வந்து நிற்கும்.

இது பழங்கதை அன்று. முதல் வகுப்புக் குழந்தை ஒருத்தியிடம் ஆங்கிலத்தில் 'க்யூ' என்ற எழுத்துக்கு அடுத்தது எது என்று கேட்டுப் பாருங்கள். 'ஏ'யிலிருந்து பாடத் தொடங்குவாள். அந்த எழுத்துப் பாட்டு 1835இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அச்சானது. மெட்டு அதற்கும் முந்திய பிரெஞ்சு நாட்டு மெட்டு. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக உலகெங்கும் குழந்தைகளுக்கு எழுத்துகளைச் சொல்லித் தந்த சிறந்த பாட்டுதான். ஆனாலும் அதன் நடுப்பகுதியில் எல், எம், என், ஓ, பி ஆகிய ஐந்தும் ஒரே மூச்சில் ஓடுவதால் 'எல்லெமெனோபி' என்று ஓர் எழுத்து இருப்பதாகவே பல குழந்தைகள் எண்ணிக்கொள்கிறார்கள். ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே மயக்கம் உண்டு. மெட்டு சொற்களை ஒட்டவைக்கும். எங்கே ஒரு சொல் முடிந்து மறு சொல் தொடங்குகிறது என்பதை மறைத்தும்விடும்.

பொருளைப் பற்றியும் ஒரு சொல். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் மூத்தோர் அறிந்த செய்தி இது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டு, வழிபாட்டில் மக்களின் தாய்மொழிக்குக் கதவு திறந்தது. அதற்கு முன் திருப்பலியும் நற்கருணை ஆசீர்வாதமும் இலத்தீனில்தான் நடந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாயிமார்கூட 'தாந்தும் எர்கோ' கீதத்தை ஓர் அசை பிசகாமல் பாடுவார்கள். பக்தியில் குறைவில்லை, ஓசையிலும் குறைவில்லை. ஆயினும் அந்த இலத்தீனைக் கொண்டு அவர்களால் ஒரு குவளைத் தண்ணீர் கேட்டிருக்க முடியாது. அவர்கள் மொழி கற்கப் பாடவில்லை, இறைவனைத் தொழப் பாடினார்கள். ஆதலால் அது குறையும் அன்று. ஆனால் வகுப்பறையில் மொழி கற்பிக்கப் பாடும் நமக்கு இதில் ஒரு தெளிவு கிடைக்கிறது. காதுக்கும் நாவுக்கும் பாட்டு செய்யக்கூடியது மிகப் பெரிது. பொருளைப் பாட்டு தானாகத் தராது. அதை ஆசிரியைதான் தர வேண்டும்.

காதுக்கும் நாவுக்கும் பாட்டு என்ன செய்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். எங்கள் அனுபவத்தில் இதுவே பாட்டின் தலையாய பயன். தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. இரண்டு மெய்கள் சேர்ந்து ஒரு சொல்லைத் தொடங்குவது நம் நாவுக்குப் பழக்கமில்லை. வல்லின மெய்யில் சொல் முடிவதும் பழக்கமில்லை. எனவே 'ஸ்கூல்' என்பது நம் வாயில் 'இஸ்கூலு' ஆகிறது. 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது. ஓரசைச் சொல் மூவசையாக நீண்டுவிடுகிறது. 'இ' சேர்க்காதே, 'உ' சேர்க்காதே என்று நூறு முறை திருத்தினாலும் நூற்றோராம் முறையும் அதுவே வரும். பிள்ளையின் பிழை அன்று, நாவின் இயல்பு. ஆனால் அதே சொல்லை ஒரே ஒரு சுரத்துக்கு உரியதாக ஒரு மெட்டில் அமைத்துவிட்டால், கூடுதல் உயிரெழுத்துகள் உட்கார இடமில்லை. 'இஸ்கூலு' என்று பாடினால் தாளம் தவறும். தவறுவது அவளுக்கே கேட்கும். ஆசிரியை வாய் திறக்க வேண்டியதில்லை. மெட்டே திருத்துகிறது. பலர் முன்னிலையில் திருத்தப்பட்டால் வாடிப்போகும் பிள்ளைக்கு இது எத்தனை பெரிய உதவி என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் உணர்வர்.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் ஒவ்வோர் அசைக்கும் அதன் மாத்திரைக்கேற்ற உரிய இடம் கொடுத்துப் பேசுகிறோம். ஆங்கிலத்தில் அப்படியன்று. முக்கியமான சொற்களில் அழுத்தம் விழுகிறது; சிறு சொற்கள் இடையே நெருக்கிக்கொண்டு ஓடுகின்றன. 'கோட்ஸ் லைக் லீவ்ஸ்' என்று மூன்று முறை கைத்தட்டிச் சொல்லுங்கள். அடுத்து, அதே மூன்று தட்டுக்குள் 'த கோட்ஸ் லைக் த லீவ்ஸ்' என்று சொல்லுங்கள். பிறகு, தட்டின் வேகத்தை மாற்றாமல் 'த கோட்ஸ் வில் லைக் த லீவ்ஸ்' என்று சொல்லுங்கள். மூன்று அசைகள் ஆறாகிவிட்டன, தட்டு மூன்றுதான். ஆங்கிலப் பேச்சின் நடை இதுவே. கரும்பலகையில் இதை எழுதி விளக்கினால் ஒரு மணி நேரம் ஆகும், விளங்குவதும் ஐயம். கைத்தட்டிக் காட்டினால் ஐந்து நிமிடம் போதும். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் பேசுவோர் 'வேகமாகப் பேசுகிறார்கள், பிடிபடவில்லை' என்று மாணவியர் குறைப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் வேகமன்று. நெருக்கி ஓடும் இந்தச் சிறு சொற்களைக் காது எதிர்பாராததே.

பாடிக் கற்றால் நினைவில் நிற்கிறது என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அங்கேரிய மொழியை அறியாத 60 பெரியவர்களை மூன்று குழுவாகப் பிரித்து, அம்மொழித் தொடர்கள் இருபதை 15 நிமிடம் கற்பித்தனர். ஒரு குழு கேட்டுத் திருப்பிச் சொன்னது. ஒரு குழு தாளத்தோடு சொன்னது. ஒரு குழு பாடியது. அங்கேரிய மொழியிலேயே வாய்விட்டுச் சொல்ல வேண்டிய சோதனைகளில் பாடிய குழுவே மேம்பட்டு நின்றது. கால் மணி நேரப் பயிற்சிதான். அதைக் கொண்டு மலையைப் பெயர்த்துவிட முடியாது. ஆயினும் வாய்விட்டுச் சொல்வதில்தான் பயன் தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகள் தடுமாறும் இடமும் அதுவே அல்லவா?

இனி எந்தப் பாட்டைத் தேர்வது என்ற கேள்வி. இதில் எங்களுக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு, ஏற்காதோர் பொறுத்தருள்க.

மழலையர் வகுப்புகளில் மழையைப் போகச் சொல்லி விரட்டும் ஆங்கிலப் பாட்டு ஒன்று நெடுங்காலமாகப் பாடப்படுகிறது. ஓயாத தூறலில் விளையாட முடியாமல் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் இங்கிலாந்துக் குழந்தைக்கு அது சரி. அன்னூர்ப் பக்கத்துக் குழந்தைக்கு? அவிநாசி அத்திக்கடவுத் திட்டத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகக் காத்திருந்து, 2024 ஆகஸ்டில் அது தொடங்கி வைக்கப்பட்டுக் குளங்களுக்கு நீர் வருவதைக் கண்டு கைகூப்பிய மண் இது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 நீர்நிலைகளுக்கு அத்திட்டம் நீர் தருகிறது. மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாத்தாவின் எதிரில் பேத்தி மழையை விரட்டிப் பாடினால் அவர் என்ன நினைப்பார்? 'இதுக்குத்தான் பள்ளிக்கூடம் அனுப்புனமா அம்மிணி?' என்று கேட்டால் நாங்கள் விடை சொல்ல இயலாது. நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. பாடுகிறவளின் வாழ்வில் பொருள் இல்லாத பாட்டு வெறும் ஓசையாகவே தங்கிவிடும். மேலே சொன்ன இலத்தீன் கீதத்தின் கதைதான்.

பக்திப் பாடல்களிலும் எச்சரிக்கை தேவை. பழைய ஆங்கில ஞானப் பாடல்களில் 'தவ்', 'தீ', 'தை' முதலிய பழஞ்சொற்கள் வரும். ஆலயத்தில் அவை அழகு. அவற்றைக் கேட்டுப் பழகிய பிள்ளை தலைமையாசிரியைக்கு எழுதும் விடுப்பு விண்ணப்பத்தில் அவற்றைப் பயன்படுத்தினால் அழகாக இராது. மறுமுனையில், இக்காலப் பாப் பாடல்களில் சொற்களைப் பாதி விழுங்கிப் பாடுகிறார்கள். அதைக் கேட்டு எழுத்துக்கூட்டும் பிள்ளை தேர்வில் மதிப்பெண் இழப்பாள். பாட்டு நன்றாக இருக்கிறது என்பது மட்டும் அதை வகுப்புக்குக் கொண்டுவரப் போதுமான காரணம் அன்று.

எளிமைக்கும் பயனுக்கும் நாங்கள் முன்மாதிரியாகக் கொள்வது எல்லாரும் அறிந்த பிறந்தநாள் பாட்டின் மெட்டை. அதன் வரலாற்றைப் பலர் அறியார். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் மழலையர் பள்ளி நடத்திய பேட்டி ஹில் என்ற ஆசிரியையும், அவருடைய தமக்கை மில்ட்ரெட் ஹில்லும், காலையில் வகுப்புக்குள் வரும் குழந்தைகளை வரவேற்க ஒரு பாட்டை அமைத்தார்கள். தங்கை சொல், தமக்கை மெட்டு. 1893இல் அது நூலில் வெளிவந்தது. அந்தக் காலை வணக்கப் பாட்டின் மெட்டில்தான் பிறந்தநாள் வாழ்த்துச் சொற்கள் பின்னர் ஏறின. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென ஓர் ஆசிரியை அமைத்த பாட்டு என்பதாலேயே அது உலகம் முழுவதும் பரவியது எனலாம். சொற்கள் மிகக் குறைவு. ஒரே தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தந்தக் குழந்தையின் பெயரை வைக்க ஓர் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. இந்தக் காலி இடந்தான் முக்கியம். சொல்லை மாற்றிப் போட இடம் தராத பாட்டால் மொழிப் பயிற்சிக்குப் பெரும்பயன் இல்லை.

அப்படி இடமுள்ள பாட்டுகளை நாங்களே கட்டத் தொடங்கினோம். மெட்டுக்கு வெளியே போகவில்லை. நம் கும்மியே கை கொடுத்தது. கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மிக்குப் புது வாழ்வு வந்திருப்பதை எல்லாரும் அறிவோம்; 2024இல் அக்கலையின் மூத்த ஆசான் பத்திரப்பன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கும்மியில் வட்டம் உண்டு, தாளம் உண்டு, ஒருவர் சொல்ல மற்றவர் வாங்கிப் பாடுவது உண்டு. ஆங்கில வகுப்புக்கு வேறென்ன வேண்டும்? மாணவியரை இரண்டு அரைவட்டமாக நிறுத்தி, ஓர் அரைவட்டம் கேட்கவும் மற்றது விடை சொல்லவும் வைக்கிறோம்.

வேர் இஸ் அம்மா? – இன் த ஃபீல்ட்.
வாட் இஸ் ஷீ டூயிங்? – கட்டிங் க்ராஸ்.
வேர் இஸ் அக்கா? – இன் த ஹவுஸ்.
வாட் இஸ் ஷீ டூயிங்? – குக்கிங் ரைஸ்.

கேள்விக்கு இரண்டு தட்டு, விடைக்கு இரண்டு தட்டு. இலக்கிய நயம் ஒன்றும் இல்லை. அதை நாங்கள் நாடவும் இல்லை. அம்மாவும் வயலும் அவர்கள் கண்ணால் காண்பவை. ஆளையும் இடத்தையும் தொழிலையும் மாற்றிக்கொண்டே போகலாம். தாத்தா சந்தைக்குப் போகலாம். அண்ணன் தறி ஓட்டலாம். தம்பி குளத்தில் நீந்தலாம். மாணவியர் தாங்களே இட்டுக்கட்டத் தொடங்கியதும் எங்கள் வேலை பாதி முடிந்தது. ஏழாம் வகுப்பினர் ஆசிரியைகளை உள்ளே இழுத்து, ஓய்வறையில் நாங்கள் தேநீர் அருந்துவதாகப் பாடியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். வாக்கியம் சரியாக இருந்ததால் கண்டிக்கவில்லை.

இதே பாட்டில் இறந்தகாலத்தையும் ஏற்றலாம். 'குக்கிங் ரைஸ்' என்பது நேற்றைக்கு 'குக்ட் த ரைஸ்' ஆகிறது. இங்கேதான் பாட்டின் பயன் பளிச்சென்று தெரியும். 'வாக்கெடு', 'குக்கெடு', 'வாஷெடு' என்று எழுத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கம் நம் பகுதியில் வேரூன்றியது. எழுத்தில் 'ஈ', 'டீ' இருக்கும்போது சொல்லாமல் விடுவது குற்றம் என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். தட்டு இரண்டே இரண்டுதான் என்னும்போது 'குக்கெடு த ரைஸ்' அதற்குள் அடங்காமல் வழிகிறது. 'குக்ட்' அழகாக அடங்குகிறது.

ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. பாட்டு என்பது கட்டடம் எழுப்பக் கட்டும் சாரத்தைப் போன்றது. சுவர் நின்றதும் சாரத்தைப் பிரித்தாக வேண்டும். முதல் இரு நாள் மெட்டோடு பாடுகிறோம். அடுத்து மெட்டை விட்டுவிட்டுத் தட்டோடு மட்டும் சொல்கிறோம். பிறகு தட்டையும் விட்டுவிட்டு வெறும் பேச்சாகச் சொல்கிறோம். கடைசியில், யாரும் எதிர்பாராத நேரத்தில், நடைவழியில் எதிர்ப்படும் மாணவியிடம் அந்தக் கேள்வியைச் சாதாரணமாகக் கேட்கிறோம். இந்தக் கடைசிப் படிதான் சோதனை. அவசரப்பட்டு முதல் நாளே அதைச் செய்தால் பழைய மௌனமே திரும்பும்.

இதற்குச் சான்றாக ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தவள். ஆறாம் வகுப்பில் முதல் பருவம் முழுவதும் ஆங்கில வகுப்பில் அவள் குரலை நாங்கள் கேட்டதில்லை. கும்மியில் மட்டும் பாடினாள். அதுவும் உரக்கப் பாடினாள். எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரு நாள் அவளிடம் தனியே, அம்மா எங்கே என்ற அதே கேள்வியை மெட்டில்லாமல் கேட்டோம். நெடுநேரம் நின்றாள். உதடு அசைந்தது, விரல்கள் பாவாடையின் மேல் மெல்லத் தட்டின. உள்ளுக்குள் பாடிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. பிறகு விடை வந்தது. அம்மா வயலில் இல்லை, மில்லில் இருக்கிறாள் என்று பாட்டில் இல்லாத சொல்லைப் போட்டுச் சொன்னாள். 'இன் த மில்' என்ற மூன்றே சொற்கள். ஆறு மாத உழைப்புக்கு மூன்று சொற்களா என்று கேட்கலாம். ஒப்பித்த மூன்று சொற்கள் அல்ல, தன் வீட்டு உண்மையைத் தானாகச் சொன்ன மூன்று சொற்கள். அந்த விரல் தட்டு நின்று அவள் தடையின்றிப் பேச மேலும் ஓர் ஆண்டு பிடித்தது.

ஆங்கில வாக்கிய அமைப்புகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. அன்றைய சென்னை மாநிலத்தில் 1959இல், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் ஏறத்தாழ 27,000 ஆசிரியர்களுக்கு இம்முறையில் மறுபயிற்சி அளிக்கும் பெருமுயற்சி தொடங்கியது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அப்பலர் இன்னும் பலருக்கும் கற்பிப்பது என்பது ஏற்பாடு; உருண்டு பெருகும் பனிப்பந்து என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. முறையின் அடிப்படை நல்லதே. ஆனால் ஒரே அமைப்பை இருபது முறை தட்டையாகச் சொல்வது பிள்ளைகளுக்கும் சலிப்பு, ஆசிரியைக்கும் சலிப்பு. அதே இருபது முறை தாளத்தோடு வந்தால் இருபத்தோராவது முறையும் கேட்கிறார்கள்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, பாட்டுக்கு ஏது நேரம் என்று உடன்பணியாற்றும் ஆசிரியைகள் கேட்பது நியாயமே. பாடவேளையின் முதல் ஏழெட்டு நிமிடங்களுக்கு மேல் நாங்கள் எடுப்பதில்லை. பக்கத்து வகுப்பில் கணக்குப் பாடம் நடந்தால் மரத்தடிக்குப் போய்விடுகிறோம். தேர்வில் பாட்டுக்கு மதிப்பெண் இல்லை என்பதும் உண்மை. ஆனால் சொல்லத் தெரிந்த வாக்கியத்தை எழுதுவது எளிது என்பதை விடைத்தாள் திருத்துவோர் கண்டிருப்பர். தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பாடலுக்கும் ஆடலுக்கும் இடம் தரப்பட்டது. ஆறாம் வகுப்புக்கு மேல் பாட்டு விளையாட்டுப் பொருளாகிவிடுகிறது என்ற எண்ணத்தைத்தான் நாங்கள் ஏற்பதில்லை. கூச்சம் மிகுவது அந்த வயதில்தானே?

எனக்குக் குரல் இல்லையே என்று தயங்கும் ஆசிரியைகளுக்கு ஒரு நற்செய்தி. நியூயார்க்கில் பிறநாட்டாருக்கு ஆங்கிலம் கற்பித்த கரோலின் கிரஹாம் என்ற ஆசிரியை 1978இல் வெளியிட்ட நூலில் உள்ளவை மெட்டில்லாத தாளச் சொற்கோவைகளே. ஜாஸ் இசையின் தாளத்தை எடுத்து அன்றாடப் பேச்சை அதில் வைத்தார். பல நாடுகளில் அவற்றைப் பின்பற்றுகிறார்கள். கை இரண்டும் தட்டத் தெரிந்தால் போதும்.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. புனித சவேரியார் 1542 முதல் 1544 வரை முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றியபோது தமிழ் அறியாதவர். இரு மொழியும் தெரிந்தவர்களின் உதவியால் செபங்களைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியடித்துத் தெருவில் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். நாளுக்கு இருமுறை உரக்கச் சொல்லிக் கற்பித்தார். கற்ற சிறுவர்கள் வீட்டுக்குப் போய்த் தாய் தந்தையர்க்கும் அண்டை அயலார்க்கும் சொல்லித்தர வேண்டும் என்பது அவர் இட்ட ஏற்பாடு. தம் மடல்களில் இதை அவரே எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளும் அந்தச் சிறுவர்களைப் போல வீட்டில் சொல்லிப் பழக வேண்டும். ஆங்கிலம் தெரியாத தாய்க்கு மகள் சொல்லிக்கொடுக்கும்போது மகளுக்கு இருமடங்கு வருகிறது.

கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டுகளை ஓடவிட்டுக் குழந்தையை அதன் முன் உட்காரவைப்பதை இதற்கு ஈடாகக் கொள்ள வேண்டாம் என்று மட்டும் வேண்டிக்கொள்கிறோம். கைப்பேசி பாடும், கேள்வி கேட்டு, விடை வரும்வரை காத்திருக்காது. வீட்டில் பிள்ளை பாடும்போது அருகில் உட்கார்ந்து, பாட்டில் அம்மா இருக்கும் இடத்தில் பாட்டியை வைத்தால் எப்படி வரும், வயலுக்குப் பதில் மாட்டுக்கொட்டகை என்றால் எப்படி வரும் என்று தமிழிலேயே கேளுங்கள். அதற்கு உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல் தெரியாமல் விழித்தால், மறுநாள் அதை வகுப்பில் கேட்டு வரும்படி அனுப்புங்கள். முதல் பாடவேளையில் அதை நாங்கள் கும்மியில் சேர்த்துக்கொள்கிறோம்.